போயாச்சு, ஆனால் வந்து சேரவில்லை

ஆஸ்பத்திரிக் குழாயடியில் வால் மறுபடியும் கை கழுவிக்கொண்டிருந்தான். முழங்கை வரை தேய்க்கச் சொல்லிச் சுவரில் ஒரு படம், நகத்துக்கடியில் தேய்க்கச் சொல்லி இன்னொரு படம், தேய்த்தது போதாது என்று முறைக்க ஒரு நர்ஸ்.

"அண்ணி, என் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு சுத்தமா போகல."

"கல்யாண போட்டோவப் பார்த்தாலே தெரியுது," என்றாள் அண்ணி.

அண்ணி துப்பறிபவள். பல வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ்களை மோப்பம் பிடித்துவிட்டு, பிறகு சொந்தமாகப் பெயர்ப்பலகை மாட்டியவள். வால் அவள் புருஷனின் தம்பி. 'துணைத் துப்பறிவாளர்' என்று தானே கார்டு அடித்துக்கொண்டவன். அவள் போகிற இடமெல்லாம் பின்னால் போவதால் 'வால்' என்ற பெயர் வந்தது என்று அவன் சொல்லிக்கொள்வான். வீட்டில் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள்.

உள்ளே பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு. கண்ணாடிப் பெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு மனிதர். உள்ளங்கையை விரித்தால் அதில் படுக்க வைத்துவிடலாம் போன்ற மனிதர். வால் வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினான்.

"இதோ இவதான்," என்றார் நிர்வாகி, ஒரு பெட்டியைக் காட்டி. டை கட்டியவர். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டித் தலையாட்டி அந்த டை ஒரு பக்கமாகக் கோணிப் போயிருந்தது. "ரெட்டைப் பொண்ணுங்க. இவ பெரியவ. பக்கத்துப் பெட்டியில சின்னவ. காலைல பெரியவளுக்கு மூச்சுக்குழாய்ல டியூப் போட்டாங்க. போடறதுக்கு முன்னாடி மருந்து குடுத்தாங்க. குடுத்ததும் குழந்தை கட்டையா விறைச்சு, நீலமாயி... எப்படியோ மீண்டுட்டா. பெரிய டாக்டர் சொல்றாரு, சிஸ்டர் வலி மருந்தத் திருடிட்டு சிரிஞ்சுல வெறும் தண்ணிய ரொப்பிட்டாங்கன்னு."

"திருடி?"

"வெளில அதுக்கு நல்ல விலை மேடம். போதை மருந்து. ஒரு சின்னக் குப்பிய உடைச்சா, இந்தக் குழந்தைக்கு வேண்டியது துளியூண்டு. மிச்சத்த ரெண்டு பேர் பார்க்கக் கொட்டணும். அதனால மிச்சத்துல கை வெக்க முடியாம, குப்பியவே முழுசா மாத்திட்டாங்கங்கறாரு. நாலு மணிக்குக் கூட்டம். அதுக்குள்ள நீங்க ஒண்ணும் கண்டுபிடிக்கலேன்னா சிஸ்டர போலீஸ்ல ஒப்படைச்சிடுவோம். கண்டுபிடிச்சாலும் பெரிய டாக்டர் சொன்னதையே கண்டுபிடிச்சா எல்லாருக்கும் சௌகரியம்."

"ரொம்ப நேர்மையா பேசறீங்க," என்றான் வால்.

நிர்வாகி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

பெரிய டாக்டர் அறைக் கதவருகே நின்றிருந்தார். உயரம். கைகள் இன்னும் நீளம். எதிரில் நிற்பவர் தலைக்கு மேலே பார்த்துப் பேசும் பழக்கம்.

"துப்பறியறீங்களா? நல்லது. பொழுது போகும். நான் அந்த மருந்தத் தொடவே இல்ல. எடுத்தது அவங்க, குடுத்தது அவங்க. இதுல துப்பு எங்கேர்ந்து வரும்? இனிமே இந்த முன்மருந்து வம்பே வேண்டாம்னு சொல்லிட்டேன். சின்னவளுக்கு டியூப் போடற நிலைமை வந்தா நேராப் போட்டுட வேண்டியதுதான்."

"வலிக்காதா டாக்டர்?" என்றான் வால்.

"என்கிட்ட எந்தக் குழந்தையும் வந்து புகார் பண்ணினதில்ல."

அவர் போனதும் அண்ணி வாலின் பக்கம் திரும்பினாள். ஒரு விஷயம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல ஆள் கிடைத்தால் அவள் முகமே மாறிவிடும்.

"உனக்குப் பல்லு பிடுங்கினப்ப மரத்துப்போக ஊசி போட்டாங்கல்ல?"

"போட்டும் கத்தினேன்."

"இது பல்லு இல்லடா. தொண்டை தாண்டி மூச்சுக்குழாய்க்குள்ள ஒரு டியூப நுழைக்கறது. முழிச்சிருக்கற ஆள் யாராவது சும்மா வாயத் திறந்து காட்டுவானா? திமிறுவான். இதுங்களும் திமிறும். அதுக்குத்தான் மூணு மருந்து. முதல் மருந்து இதயத்துக்கு. தொண்டையத் தொட்டதும் இதயம் பயந்து சோர்ந்து போகும். நீ உன் வேலையப் பாருன்னு அத தைரியப்படுத்தும். ரெண்டாவது வலிக்கு. மூணாவது தசைக்கு. கொஞ்ச நேரம் சும்மா கிடன்னு சொல்லும். தசை தளர்ந்தா டியூப் வழுக்கிட்டு உள்ள போயிடும்."

"எனக்கு அந்த மூணாவது மருந்து பொறவியிலேயே குடுத்துட்டாங்கன்னு அண்ணன் சொல்லுவாரு."

"உங்க அண்ணன் எப்பவாவதுதான் சரியாப் பேசுவாரு. வா."

குற்றம் சாட்டப்பட்ட சிஸ்டரைத் துணி அடுக்கும் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். சும்மா உட்காரத் தெரியாமல் அவர் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். மூலையோடு மூலை சேர்த்து, நீவி, திருப்பி, மறுபடி நீவி. ஒரு துண்டு முடிவதற்குள் வாலுக்குக் கொட்டாவி வந்தது.

"உங்களுக்கு ஆமை சிஸ்டர்னு பேராமே. ஏன்?" என்றான்.

அவர் துண்டை அடுக்கில் வைத்தார். விளிம்பைச் சரிபார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பதில் சொல்ல வாயெடுத்தார்.

"புரிஞ்சிடுச்சு," என்றான் வால்.

"நான் எதையும் எடுக்கலம்மா," என்றார் அவர் அண்ணியிடம். குரல் உடைந்தாலும் நிதானமாகத்தான் உடைந்தது. "என் வீட்டுக்காரரு வேலை போய் உக்காந்திருக்காரு. பையன் காலேஜ். இந்த வேலைய வெச்சுத்தான் எல்லாம். திருடின்னு பேர் வாங்கிட்டு எந்த ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிப்பேன்?"

"மருந்த எப்படிக் குடுத்தீங்க? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வெச்சுக்கிட்டு சொல்லுங்க."

"பாப்பா கையில ஊசி. ஊசியோட ஒரு நீளமான மெல்லிசுக் குழாய் சேர்ந்திருக்கும். அதோட வாயில சிரிஞ்ச மாட்டிக் குடுத்தேன். மெதுவா. சுவர்க் கடிகாரத்தப் பார்த்துக்கிட்டே, முள்ளு நகர நகர, கொஞ்சங் கொஞ்சமா. வேகமாப் போனா நெஞ்சு மரமாயிடும்மா. அந்த பயம்தான்."

அண்ணி அப்படியே நின்றாள். "மரமாயிடும்னா?"

"விலா இறுகிடும். மூச்சு குடுக்கற பலூன அமுக்கினாக் காத்து உள்ள போகாது. மரக்கட்டைய அமுக்கற மாதிரி இருக்கும்."

"காலைல ஆனது?"

"அதேதான். அப்புறம் மூணாவது மருந்தக் குடுத்தோம். தசை தளர்ந்துச்சு, நெஞ்சும் விட்டுக் குடுத்துச்சு, பாப்பா நிறம் திரும்பிச்சு."

"சிஸ்டர், வெறும் தண்ணி குடுத்தா நெஞ்சு மரமாகுமா?"

"தண்ணிக்கு எப்படிம்மா ஆகும்?"

வால் துள்ளிவிட்டான். "முடிஞ்சுது! சிரிஞ்சுல இருந்தது அசல் மருந்து. மருந்து திருடு போகல. நெஞ்சு விறைச்சதே அதுக்கு சாட்சி. பெரிய டாக்டர் எதக் காட்டித் திருடின்னு சொன்னாரோ, அதுவே திருடலன்னு சொல்லுது. அண்ணி, கெளம்பலாம், பசிக்குது."

அண்ணி கிளம்பவில்லை. ஆமை சிஸ்டரும் துண்டு மடிப்பதை நிறுத்திவிட்டார்.

"ஆனா," என்றார் சிஸ்டர் மெல்ல, "வேகமாப் போனாத்தான அப்படி ஆகும். நான் வேகமாக் குடுக்கலையே."

மடித்து வைத்த துண்டைப் பிரித்து மறுபடி மடிக்க ஆரம்பித்தார்.

"அருமை," என்றான் வால், வெளியே வந்ததும். "திருட்டுக் கேஸ்லேர்ந்து காப்பாத்தி, குழந்தைய விறைக்க வெச்ச கேஸ்ல மாட்டி விட்டுட்டோம். இன்னும் ஒரு அரை மணி நேரம் உதவி பண்ணினா தூக்குலயே போட்டுடுவாங்க."

"அவங்க வேகமாக் குடுத்திருப்பாங்கன்னு நீ நம்பறியா?"

வால் யோசித்தான். அந்தத் துண்டை யோசித்தான். "அந்தம்மா வேகமாத் தும்மக்கூட மாட்டாங்க."

"அப்ப அவங்க சொல்றது உண்மை. மருந்து வேகமாப் போனதும் உண்மை. நான் தொடலேன்னு டாக்டர் சொல்றாரு. அதையும் உண்மைன்னே வெச்சுக்குவோம்."

"எல்லாரும் உண்மை பேசற கேஸ எடுத்திருக்கக் கூடாது அண்ணி. பொய் பேசறவங்கதான் நமக்குத் தொழில் குடுக்கறவங்க."

காத்திருப்போர் வரிசையில் குழந்தைகளின் அப்பா உட்கார்ந்திருந்தார். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். ராத்திரிப் பணி முடித்து நேராக வந்தவர், சட்டையில் இன்னும் பேட்ஜ் இருந்தது. சாதாரணமாகப் பேசினாலே எதிரே நிற்பவருக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடத் தோன்றும் குரல்.

"உள்ள விடல மேடம். கதவு முழுசா மூடல, அதனால காதுல விழுந்துச்சு. டாக்டர், 'போயாச்சா?'ன்னாரு. சிஸ்டர், 'போயாச்சு'ன்னாங்க." அவர் நிறுத்தினார். அந்தக் குரல் திடீரென்று சின்னதாகிவிட்டது. "நான் தரையிலயே உக்காந்துட்டேன். என் பொண்ணு போயிட்டான்னு நெனச்சேன்."

வாலிடம் எல்லாவற்றுக்கும் ஒரு ஜோக் உண்டு. இதற்கு இல்லை. பையிலிருந்து இரண்டு ஜூஸ் பாக்கெட்டுகளை எடுத்து ஒன்றை அவர் கையில் வைத்தான்.

"அப்புறம்?" என்றாள் அண்ணி.

"அப்புறம் டாக்டர் குரல். 'கொண்டாம்மா இங்க, நீ கழுவி முடிக்கறதுக்குள்ள இவ ஸ்கூலுக்கே போயிடுவா'ன்னாரு. எரிச்சலாத்தான் சொன்னாரு. ஆனா எனக்கு அப்பத்தான் உயிர் வந்துச்சு. ஸ்கூலுக்குப் போவாங்கறாரே, அப்ப இருக்கான்னுதான அர்த்தம்? எழுந்து நிக்கறேன், அதுக்குள்ள உள்ள மெஷின் எல்லாம் கத்த ஆரம்பிச்சிடுச்சு."

"அந்த 'போயாச்சு'ங்கற வார்த்தைய ஆஸ்பத்திரில தடை பண்ணணும்," என்றான் வால்.

"எங்க வேலையில அத அப்படிச் சொன்னா சீட்டக் கிழிச்சிடுவாங்க சார். 'புறப்பட்டுவிட்டது'ன்னா அந்த ஊர்லேர்ந்து கெளம்பிச்சுன்னு அர்த்தம். 'வந்து சேர்ந்தது'ன்னா இங்க வந்துடுச்சுன்னு அர்த்தம். ரெண்டுக்கும் நடுவுல ஜனங்க பிளாட்பாரத்துல நின்னு என்னைத் திட்டிட்டு இருப்பாங்க."

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாலைப் பார்த்தாள். சரியாகச் சொன்னால், வால் உறிஞ்சிக்கொண்டிருந்த ஸ்ட்ராவைப் பார்த்தாள். திராட்சை ஜூஸ். உறிஞ்சுவதை நிறுத்திவிட்டுத் துளையை விரலால் மூடி, விளையாட்டாக ஸ்ட்ராவைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். பாக்கெட்டிலிருந்து கிளம்பி வாய்க்கு வராத ஜூஸ், ஸ்ட்ராவுக்குள் கருஞ்சிவப்பாக நின்றது.

"வால், டாக்டர் 'நீ கழுவி முடிக்கறதுக்குள்ள'ன்னாரே, எதக் கழுவறதச் சொன்னாரு?"

"கையத்தான். இந்த ஆஸ்பத்திரில வேற என்ன பண்றாங்க? எனக்குத் தோலே உரிஞ்சுபோச்சு."

"கை கழுவறதுன்னா 'கொண்டா இங்க'ன்னு எத வாங்குவாரு? அந்தம்மா கையையா?"

வால் வாயைத் திறந்தான். ஸ்ட்ரா விழுந்தது.

"அத எடு," என்றாள் அண்ணி. "ஜூஸ மிச்சம் வை. சாட்சி அதுதான்."

நாலு மணிக் கூட்டத்தில் நீள மேஜை. ஒரு பக்கம் பெரிய டாக்டர், எதிர்ப்பக்கம் ஆமை சிஸ்டர், நடுவில் நிர்வாகி. யார் பேசினாலும் ஒத்துப்போக வசதியான இடம்.

அண்ணி ஒரு புது ஊசிக்குழாயைக் கேட்டு வாங்கி மேஜையில் வைத்தாள். பெரியவள் கையில் இருந்த அதே வகை. ஒரு முழத்துக்கும் குறைவு, நூலைவிடக் கொஞ்சம் தடிமன். அதில் உப்புத்தண்ணீரை நிரப்பினாள். மறுமுனைக்குக் கீழே ஒரு வெள்ளைத்தாள். சின்ன சிரிஞ்சில் திராட்சை ஜூஸ், ஒன்றிரண்டு சொட்டு.

"சிஸ்டர், இதுதான் வலி மருந்து. காலைல குடுத்த மாதிரியே குடுங்க."

சிஸ்டர் கொடுத்தார். கடிகாரத்தைப் பார்த்தபடி, முள் நகர நகர. நிர்வாகி பெருமூச்சு விட்டார். டாக்டர் விரல்களால் மேஜையில் தாளம் போட்டார். கடைசியில் சிரிஞ்ச் காலியானது.

"போயாச்சா?" என்றாள் அண்ணி.

"போயாச்சும்மா."

"தாளப் பாருங்க."

தாளில் தெளிவான ஈரம். சிவப்பு ஒரு துளிகூட இல்லை. சிவப்பு, குழாயின் பாதி வரை வந்து ஒரு சின்னப் புழுவைப் போல அசையாமல் நின்றது.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். இந்த முறை துடைக்க மறந்துவிட்டார்.

"மருந்து சிரிஞ்சவிட்டுப் போயாச்சு. பாப்பாவுக்கு வந்து சேரல," என்றாள் அண்ணி. "பெரிய ஆளுக்கு மருந்து நெறைய. குழாய நெறைச்சுக்கிட்டு உடம்புக்குள்ள போயிடும். இவளுக்கு வேண்டியதே ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு. அந்த மருந்தவிட இந்தக் குழாய் பெருசு. அதனால மருந்து மொத்தமும் குழாயிலேயே உக்காந்துடுது. முன்னாடி இருந்த உப்புத்தண்ணி மட்டும் பாப்பாவுக்குப் போகுது. டாக்டர், உங்க பக்கத்துலதான உப்புத்தண்ணி சிரிஞ்ச் இருக்கு? மருந்துக்கு அப்புறம் எப்பவும் பண்ற மாதிரி அதத் தள்ளி, கொஞ்சம் குழாயக் கழுவி விடுங்களேன். சிஸ்டர் பண்ணினா ராத்திரி ஆயிடும்."

பெரிய டாக்டர் அலட்சியமாக நீளக் கையை நீட்டினார். சிரிஞ்சை மாட்டினார். கட்டைவிரல், பல வருஷப் பழக்கத்தில், ஒரே அமுக்காக அமுக்கியது.

சிவப்பு மொத்தமும் ஒரே வீச்சில் பாய்ந்து, தாளைத் தாண்டி, அவருடைய வெள்ளைக் கோட்டின் கைப்பட்டியில் போய் விழுந்தது.

"வந்தாச்சு," என்றான் வால்.

டாக்டர் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க மருந்தத் தொடவே இல்ல டாக்டர். அது சத்தியமான உண்மை," என்றாள் அண்ணி. "உப்புத்தண்ணியத்தான் தொட்டீங்க. அதுக்கு முன்னாடி மருந்து வழியில நின்னுக்கிட்டிருந்துச்சு. சிஸ்டர் அவ்வளவு நேரம் பார்த்துப் பார்த்துக் குடுத்தத நீங்க ஒரே தள்ளுல உள்ள அனுப்பிட்டீங்க. 'கொண்டாம்மா, நீ கழுவி முடிக்கறதுக்குள்ள இவ ஸ்கூலுக்கே போயிடுவா.' சொன்னீங்களா?"

"அது... வெறும் கழுவறதுதான்," என்றார் டாக்டர். குரல் முதல்முறையாக எதிரில் இருப்பவர் உயரத்துக்கு இறங்கியிருந்தது.

"சிஸ்டர், நீங்க எப்பவும் கழுவறதையும் மெதுவாத்தான் பண்ணுவீங்க. ஏன்?"

ஆமை சிஸ்டர் யோசித்தார். "ஏன்னு தெரியாதும்மா. எனக்கு எதையும் வேகமாப் பண்ண வராது. மருந்து போயாச்சுன்னுதான் நானும் நெனச்சேன். அதான் டாக்டர் சிரிஞ்ச வாங்கினத ஒரு விஷயமாவே சொல்லல."

"இத்தன வருஷம் குழந்தைங்க தப்பிச்சது விஞ்ஞானத்தாலன்னு நெனச்சீங்களா?" என்றான் வால், நிர்வாகியைப் பார்த்து. "சோம்பலால."

"சோம்பல் இல்ல தம்பி, நிதானம்," என்றார் சிஸ்டர், கொஞ்சம் கோபமாக.

நிர்வாகி டையைத் தடவினார். "அப்ப... போலீஸுக்கு என்னன்னு சொல்றது?"

"ஒரு சொட்டு மருந்து நடுவழியில நின்னுச்சு, அத ஒரு கட்டைவிரல் தள்ளிவிட்டுச்சுன்னு சொல்லுங்க. அரெஸ்ட் பண்ண வந்தா விரல மட்டும் அனுப்பி வைங்க."

அப்போது மேஜைமேல் இருந்த போன் அடித்தது. நிர்வாகி எடுத்தார். கேட்டார். முகம் வெளுத்தது.

"சின்னவ. ரொம்ப களைச்சுட்டாளாம். டியூப் போடணுமாம்."

டாக்டர் எழுந்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். காலையில் அவரே போட்ட உத்தரவு அங்கேதான் நின்றது: மருந்து வேண்டாம், நேராக டியூப். அவர் கைப்பட்டியில் இருந்த சிவப்புக் கறையைப் பார்த்தார்.

"சிஸ்டர்," என்றார். "மூணு மருந்தையும் எடுத்துக்குங்க. கழுவறதும் நீங்கதான். உங்களைத் திருடின்னு சொன்னதுக்கு..." மிச்சம் வரவில்லை. அவருக்கு அந்த வாக்கியத்தில் பழக்கம் இல்லை.

"அத அப்புறமா நிதானமாச் சொல்லுங்க டாக்டர்," என்றார் ஆமை சிஸ்டர். "எனக்கு அவசரம் இல்ல."

அவர் நடந்து போனதைப் பார்த்து வால் கண்ணைக் கசக்கிக்கொண்டான். ஆமை சிஸ்டர் கிட்டத்தட்ட ஓடினார்.

கதவு இந்த முறையும் முழுசாக மூடவில்லை. அறிவிப்பாளர் சுவரோடு ஒட்டி நின்றார். காலி ஜூஸ் பாக்கெட் இன்னும் அவர் கையில் கசங்கிக்கொண்டிருந்தது. அண்ணி ஒரு பக்கம், வால் ஒரு பக்கம்.

உள்ளே மெஷின்களின் சின்னச் சின்னச் சத்தம். பிறகு டாக்டரின் குரல்.

"போயாச்சா?"

அறிவிப்பாளர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

பதில் வர நேரமானது. வர வேண்டிய அளவுக்கு நேரமானது.

"இல்ல டாக்டர். இன்னும் குழாய்லதான் வந்துக்கிட்டிருக்கு."

வால், அந்த நீளக் கை இப்போது எங்கே இருக்கிறது என்று கதவிடுக்கில் எட்டிப் பார்த்தான். டாக்டர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். தண்டனை வாங்கிய பள்ளிப் பையனைப் போல.

"மெதுவாவே வரட்டும் சிஸ்டர்," என்றார். "இவ ஸ்கூலுக்குப் போக இன்னும் நெறைய நாள் இருக்கு."